பாதி பேட்ச்

எட்டு வாரம் தொழிற்சாலையில் போய் வேலை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கல்லூரி உத்தரவு போட்டபோது, லேத் வாத்தியாருக்கு முதலில் விளங்காதது ஒன்றுதான். தாம் அங்கே கற்றுக்கொடுக்கப் போகிறோமா, கற்றுக்கொள்ளப் போகிறோமா? முதல்வரிடமே கேட்டார்.

"ரெண்டும்தான்," என்று சொல்லி முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பாலிடெக்னிக்குக்கும் ஆலைக்கும் பதினோரு வருட ஒப்பந்தம். கல்லூரி ஆளைத் தயார் செய்து அனுப்பும். ஆலை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு முப்பது பேர் போனார்கள். முப்பது பேரையும் லேத்தில், அதாவது உலோகம் கடையும் மெஷினில், பழக்கியவர் இவர்தான். ஆனால் ஆலைக்குள் இதுவரை அவர் போனதெல்லாம் விழா நாளில், முன்வரிசை நாற்காலி வரைக்கும்தான்.

முதல் நாள் அவரை வரவேற்றது லைன் சூப்பர்வைசர். அவருடைய பழைய மாணவி. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள் என்பதால் 'சைலண்ட்' என்று பெயர் வாங்கியவள். இப்போது பன்னிரண்டு மெஷினை மேய்க்கிறாள்.

"சார், நீங்க ஏழாம் நம்பர் மெஷின்ல நில்லுங்க. அதாவது... முடிஞ்சா நில்லுங்க சார்."

"அதட்டியே சொல்லும்மா. இங்க நான்தான் புதுசு."

அவளுக்கு அதட்ட வரவில்லை. அவருக்கு 'சரிங்க மேடம்' என்று சொல்ல வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

டீ இடைவேளையில் யாரோ பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. "பாதி பேட்ச் இந்த வருஷம் எப்போ வருது?"

தம் மாணவர்களைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிந்தது. ஆனால் ஏன் பாதி? முப்பது பேரை முழுசாகத்தானே அனுப்புகிறோம்? பாதியில் ஓடிவிடுகிறார்களா? பாதி வேலைதான் தெரிகிறதா? கேட்டால் தம் மரியாதை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தார்.

மூன்றாம் நாள் ஏழாம் நம்பரில் கடைந்து வந்த ஷாஃப்ட், அந்த இரும்புத் தண்டு, நாற்பது மைக்ரான், அரை மயிரிழை அளவு, தடித்துப் போயிருந்தது. வெட்டுகிற கருவி தேய்ந்தால் அப்படித்தான் ஆகும். திரையில் திருத்தம் போட்டால் சரியாகிவிடும். அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். விட்டம் நாற்பது கூடினால் கருவி ஒரு பக்கம் இருபது உள்ளே போனால் போதும். பாதி போட வேண்டும். பதினோரு வருடமாகப் பலகையில் எழுதிய கணக்கு. இருபது போட்டார்.

அடுத்த ஷாஃப்ட் இருபது மைக்ரான் தடித்து வந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். இருபதேதான். பத்து போட்டார். அடுத்தது பத்து தடித்து வந்தது. மைக்ரோமீட்டரைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கி அளந்தார். அதுவும் அதையே சொன்னது. பின்னால் நின்ற ஆபரேட்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது.

சைலண்ட் வந்து திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "சார், இங்க முழுசா போடணும்."

"ஏன்?"

"தெரியாது சார். இங்க முழுசுதான்."

அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது, முன்னறையில் மனைவி பள்ளிச் சீருடைகளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே புலம்ப ஆரம்பித்தார்.

"ஏங்க, மெதுவா சொல்லுங்க. ரெண்டு மெஷினும் ஒண்ணா?"

"கம்பெனி ஒண்ணு. திரை ஒண்ணு. நம்ம காலேஜ் மெஷினே இவங்க குடுத்ததுதான்."

அவள் கத்தரியை நிறுத்தினாள். "நான் துணியை நாலா மடிச்சு வெட்டுறேன். அதனால மார்பு அளவுல கால்பங்குதான் போடுவேன். யாராவது ரெண்டா மடிச்சு வச்சிருந்தா, என் கால்பங்கு சட்டையைக் கெடுத்துடும். அந்த மெஷினை எப்படி மடிச்சு வச்சிருக்காங்கன்னு கேட்டீங்களா?"

மறுநாள் அவரும் சைலண்டும் கையேட்டைப் புரட்டினார்கள். இருந்தது. திருத்தத்தை விட்டமாக எடுப்பதா, ஆரமாக எடுப்பதா என்று மெஷினுக்குள் ஓர் அமைப்பு. ஆலையில் விட்டம்; அதனால்தான் முழுசு. ஆலை கல்லூரிக்குக் கொடுத்த பழைய மெஷினில், எந்தக் காலத்திலோ யாரோ ஆரம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதைப் பார்த்து விதி என்று நினைத்துப் பாடமாக்கிவிட்டார்.

"நீயும் வந்தப்போ பாதிதான் போட்டியா?"

"ஒரு வாரம் பூரா சார். 'பாதி பேட்ச்'னு பேரே வச்சுட்டாங்க."

"எனக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் கையேட்டின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க, எனக்குத்தான் காதுல தப்பா விழுந்திருக்குன்னு நெனச்சேன் சார். எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

முந்நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன்னையே குறை சொல்லிக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். வருடா வருடம் கூட்டம் போட்டு, மாலை மாற்றி, 'மிக நன்று' என்று படிவத்தில் டிக் அடித்த இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இதைக் கேட்டதே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தம்மேல் படலாம் என்று பார்த்தால், கணக்கு தப்பில்லை. மெஷின்மேல் படலாம் என்றால், அதுவும் சொன்னதைத்தான் செய்தது.

எட்டு வாரம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் அங்கிருந்த மெஷினின் அமைப்பை விட்டத்துக்கு மாற்றச் சொன்னார். ஆலையிடமிருந்து கடிதம் வந்தால்தான் தொடமுடியும் என்றார் முதல்வர். கொடுத்த பொருள் உங்களுடையது, நாங்கள் எப்படிக் கடிதம் தருவது என்று ஆலை கேட்டது. இரண்டு முறை போய்வந்து அலுத்துப்போய், மெஷினை இருந்தபடியே விட்டுவிட்டுப் பாடத்தை மாற்றினார். புது மெஷினில் கைவைத்தால் முதலில் பத்து மைக்ரான் போடு. எத்தனை குறைகிறது என்று அள. அப்புறம் கணக்குப் போடு.

"சார், அப்போ பாதியா முழுசா?" என்று ஒருத்தி கேட்டாள். பரீட்சைக்கு எதை எழுதுவது என்பது அவள் கவலை. 

அந்தப் பேட்ச் ஆலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, மதியம் சைலண்ட் போன் செய்தாள்.

"சார், உங்க பசங்க முப்பது பேரும் வந்ததும் வராததுமா இருக்கிற மெஷினையெல்லாம் நிறுத்தி வச்சு அளந்து பாத்துட்டிருக்காங்க. லைன் நிக்குது. மேனேஜர் கத்துறாரு. அஞ்சாம் நம்பர்ல பல நாளா இருந்த ஒரு தப்பையும் கண்டுபிடிச்சிட்டாங்க, அதுக்கும் கத்துறாரு. என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

பாராட்டுகிறாளா, புகார் சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க சார்," என்றாள். "சீக்கிரம் வாங்க." போனுக்குப் பின்னால் யாரோ உரக்க எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் தேடினார்.