அலுமினியத் தாளின் பின்பக்கம்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. வீட்டுப் பராமரிப்பு மாத இதழ் ஒன்றுக்கு ‘நிலவறையில் நீர் கசிவது ஏன்?’ என்று எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். “ஏழு காரணம் குடுங்க, எட்டு வேணாம். பக்கம் பத்தாது” என்றார் ஆசிரியர். நான் வேதியியல் படித்தவள். பேசுவதைவிடப் பட்டியல் போடுவது எனக்கு எளிது.

மூன்றாவது காரணத்தில் பேனா நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்...’

(வேண்டாம். மழையில் தொடங்கினால் பழி மழைமேல் போய்விடும்.)

இரண்டாம் தொடக்கம்: ‘எங்கள் வீட்டு நிலவறையில் தையல்கார அக்கா நான்கு வருடமாகக் குடியிருக்கிறார். வடக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது.’

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். தைத்து மடித்து வைத்த துணிகளில் கரும்புள்ளி விழுந்தது. அக்கா மேலே வந்து அப்பாவிடம் சொன்னார்.

“நான் நின்னு கட்டின சுவரும்மா அது. ஒரு சொட்டு இறங்காது. நீங்க நாள் பூரா ஆவி இஸ்திரி போடுறீங்க, சன்னலத் திறக்கறதில்ல. அந்த ஆவி எங்க போகும்?”

“திறந்தா நீங்க செடிக்கு ஊத்துற தண்ணி என் மிஷினுக்கும் சேத்து விழுது சார்.”

“எம் பொண்ணு படிச்சவதானே, அவளே பாத்துச் சொல்லட்டும். ஆவிதான்னு ஆச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கணும்” என்றார் அப்பா.

“பாப்பா சொன்னா சரி சார்” என்றார் அக்கா.

3

(அறிவியல் பகுதி. தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் என் குற்றம் புரியாது.)

சோதனை எளியது. ஒரு சாண் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் அறையின் ஆவி. சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால், தண்ணீர் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது.*

இரண்டாம் நாள் கீழே போனேன். அக்கா முதுகைக் காட்டியபடி மிஷினில் இருந்தார்.

“என்ன பாப்பா, ரிசல்ட் வந்துச்சா? நான் பாஸா, பெயிலா?”

தாளை உரித்தேன். முன்பக்கம் காய்ந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் என் மணிக்கட்டில் இறங்கியது. நான் அதைச் சட்டைக் கையால்...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதிவிட்டேன். முடிக்க வரவில்லை.)

துடைத்தேன். அப்பா படியில் நின்றிருந்தார்.

“ஆவிதானே?”

தலையாட்டினேன். பொய்யைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

“ஐயோ, அப்போ தப்பு எம்மேலதானா?” என்று அக்கா சிரித்தார். “நான் வேற சார்கிட்ட வாயாடிட்டேனே.”

* மண் ஏன் நனைகிறது? கூரையின் மழைநீர்க் குழாய் முன்பு தெருக் கால்வாயில் விழுந்தது. போன வருடம் அப்பா அதை வடக்குச் சுவரோரப் பூச்செடிப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். செடிகள் நன்றாக வந்திருக்கின்றன. கட்டுரையில் இதுதான் மூன்றாவது காரணம்.

4

இவள் ஏன் தலையாட்டினாள்? அப்பாவிடம் பயம் என்று எழுதினேன். அந்த வரியை அடித்தேன், அவர் என்னைத் திட்டியதே இல்லை. சுவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் அந்த... அதையும் அடித்தேன், அது என்னை நல்லவளாக்குகிறது. மிச்சமிருப்பது இதுதான்: பேசியிருந்தால் இரண்டு பேரும் என்னையே பார்த்திருப்பார்கள். அதற்குக் கூசி ஒருவரை வீட்டைவிட்டு அனுப்புகிறேன்.

5

முடிவுகள்:

அ) அக்காவே ஒரு தாளை ஒட்டிப் பார்க்கிறார். (என் வேலையை அவர் தலையில் கட்டுகிறேன்.)

ஆ) புது வீட்டில் அக்கா என்னை மன்னிக்கிறார். (அவர் மன்னிப்பை நானே எழுதிக்கொள்வதா?)

இ) அடுத்த குடித்தனக்காரர் துணியும் கறுக்கிறது; உண்மை தானாக வெளிவருகிறது. (அதற்குள் அக்கா...)

ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. இன்று வெள்ளி. கீழே பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது.

நான் எழுதுவதையெல்லாம் இதழுக்கு அனுப்பும் முன் சிவப்புப் பேனாவோடு படிப்பவர் அப்பா. சற்றுமுன் அறை வாசலில் நின்று, “கட்டுரை முடிஞ்சுதாம்மா? குடு, பிழை பாத்துத் தரேன்” என்றார்.

“மேசமேல வச்சிட்டுப் போறேம்ப்பா” என்றேன்.

ஆகவே, இதற்கு முதல் வாசகர் அவர்தான். முடிவும் அவர் கையில்.

அப்பா, இந்த வரிக்கு வந்துவிட்டீர்களா? பிழையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் கீழே அக்கா வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். இன்னும் தட்டவில்லை.