பன்னிரண்டு படி கீழே ஒரு வீடு

நெய்வேலி நகரியம் வட்டம் இருபத்தொன்றில் இருந்த வேலுமணியின் வீடு, அவருடைய கட்டுரையை உலகில் யாராவது மேற்கோள் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு விரல்கடை மண்ணுக்குள் இறங்கியது. சுவரில் கீறல் விழவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு மண் தானாக விலகி, நன்றாக வெட்டிய அகழாய்வுக் குழியின் சுவர்போல நேராக நின்றது. குவார்ட்டர்ஸ் அவர் மனைவி திலகவதியின் பெயரில் இருந்தது. சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர் திலகவதிதான். அவர் புகார் எழுதிக் கொடுத்ததும் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். கட்டடத்தில் குறை ஏதுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஏறுவதற்கு இருந்த மூன்று படிகளும் இரண்டே வருடத்தில் மறைந்தன. அதன் பிறகு இறங்குவதற்குப் படி கட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், "சாருக்கு வெளிநாட்டுலயும் பேரு வந்துட்டுல்லா, வீடு இன்னும் எறங்கத்தான் செய்யும்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

வேலுமணி தொல்லியல் பேராசிரியர். சுரங்கத்தை ஒட்டிய ஒரு முந்திரித் தோப்பில் குழி வெட்டி, பதினைந்து அடி ஆழத்தில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளை எடுத்தார். அவ்வளவு மண் படிய எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, மற்றவர்கள் நினைத்ததைவிட ஆயிரம் வருடம் முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதினார். அந்தக் கட்டுரை பாடத்திட்டங்களுக்குள் போனது. வேறு ஊர்களில் வேறு குழிகளை வெட்டியவர்கள், அவருடைய தேதியை வைத்தே தங்கள் ஓடுகளுக்கு வயது சொன்னார்கள்.

அந்தக் குழியில் மண்கூடை சுமந்த காடாம்புலியூர் சின்னம்மாள் முதல் வாரமே சொல்லியிருந்தார். "சார், இது லாரிங்க கொட்டுன மண்ணு சார். நான் முந்திரி பொறுக்கிகினு இருந்தப்ப இது பள்ளம்." வேலுமணி சிரித்துக்கொண்டே, "ஆயிரம் வருஷத்து மண்ணுங்க இது, நீங்க கூடையத் தூக்குங்க" என்றார். "நீங்க சொன்னா மண்ணுக்கு வயசு கூடிடுமா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் கூடையைத் தூக்கினார்.

நான்கு வருடம் கழித்து ஒரு மழையில் குழியின் சுவர் சரிந்தது. ஒன்பதடி ஆழத்தில் லாரி டயர்த் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வேலுமணி அதைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை நிரப்பியிருந்தார்கள். அவர் நூற்றாண்டுகளாக எண்ணியது லாரிகள் ஒரே கோடையில் செய்த வேலை.

திருத்தம் எழுத ஒரு பக்கம் போதும். ஆனால் அவருடைய மாணவர் அறிவுச்செல்வன் படியிறங்கி வந்து கெஞ்சினார். "சார், நான் காலேஜ்ல கான்ட்ராக்ட்ல இருக்கேன். என் தீசிஸே உங்க தேதி மேலதான் நிக்குது. பர்மனென்ட் ஆகட்டும் சார், நானே உங்ககூட உக்காந்து எழுதறேன்." சுரங்கத்தில் கான்ட்ராக்டிலேயே வயதானவர்களைத் தினமும் பார்க்கும் நெய்வேலிக்காரர்களிடம் அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. திலகவதியும், "ஒரு வருஷம்தானேங்க, அந்தப் பையன் பொழச்சுக்கட்டும்" என்றார். ஒரு வருடம் ஏழு வருடமானது. அந்த ஏழு வருடத்தில் வீடு ஆறு படி இறங்கியது. வேலுமணி ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கப் பழகினார். திருத்தத்தின் முதல் வரியை மட்டும் பல தாள்களில் எழுதி வைத்திருந்தார். பங்குனியில் ஒரு மத்தியானம் மேலிருந்து நான்காவது படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அறிவுச்செல்வன் பர்மனென்ட் ஆர்டரோடு வந்து அழுதார். திலகவதி ஆர்டரைப் படித்துப் பார்த்தார். பிறகு அந்த டயர்த் துண்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். "இப்ப எழுதலாமே தம்பி."

திருத்தம் மூன்று பெயர்களோடு வெளிவந்தது. மூன்றாவது பெயர் சின்னம்மாளுடையது. அன்று காலை வீடு ஒரு விரல்கடை மேலே வந்தது. திலகவதி அவ்வளவையும் வாசலிலேயே நின்று பார்த்தார். அதன்பின் அது மேலே வரவேயில்லை. பழைய கட்டுரை புத்தகங்களுக்குள் போய்விட்டிருந்தது. திருத்தத்தைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

செய்தி கேட்டுச் சின்னம்மாள் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். "எம் பேரப் போட்டீங்களாமே! அன்னிக்கே கேட்டிருந்தா இத்தினி படி எதுக்கும்மா? முட்டி போச்சு" என்றார். திலகவதி சிரிக்கப் பார்த்தார். "அவராவது மண்ணைப் பத்திதான் உங்ககிட்ட கேக்கல. இன்னும் ஒரு வருஷம் தாங்குவீங்களான்னு நான் அவரையே கேக்கலம்மா" என்றார். சின்னம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அரிய ஆரம்பித்தார்.

இப்போது பன்னிரண்டு படிகள். பதிமூன்றாவதுக்குச் சிமெண்ட் வாங்கி வைத்தாயிற்று. போன திங்கட்கிழமையும் யாரோ எங்கோ அந்தத் தேதியை எழுதியிருக்கிறார்கள். தரை மெல்ல அசைந்ததும் திலகவதி அடுப்பை அணைத்தார். பாத்திரத்தில் பால் தளும்புவது நிற்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி பற்றவைத்தார்.