கயிறு கட்டிய பேனா

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு. பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து, கயிறு கட்டி, ஒரு பேனாவும் தொங்கும். பேனா புத்தகத்தை எட்டாது. ஒரு சாண் குறையும். புகார் எழுத வருகிறவர்கள் புத்தகத்தைத் தூக்கிச் சுவரோடு வைத்து எழுதப் பார்ப்பார்கள். அப்படி வைத்தால் பேனாவில் மை இறங்காது. நாலு தரம் உதறிவிட்டு, "தண்ணி வந்தா வருது, வராட்டிப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகும்: இந்த ஆண்டு பெறப்பட்ட புகார்கள், மூன்று. அந்த அறிக்கையை எழுதுகிறவள் நான்தான்.

பதினான்கு வருஷமாக நான் அங்கே எழுத்தர். வெளியே போகிற காகிதம் எதுவானாலும் என் கைபட்டுத்தான் போகும். "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்து "தகவலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடிப்பேன். நடுவில் என்ன இருந்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை. ஒருமுறை நடுவில் என் வீட்டு மளிகை லிஸ்ட்டைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தேன். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வந்தது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்த்தேன்'. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கீழே 'பார்த்தேன்' என்று எழுதி ஒரு சுழி சுழிப்பார். அப்போது அவர் பார்ப்பதென்னவோ ஜன்னலுக்கு வெளியே. தேதி மட்டும் போடவே மாட்டார். தேதி போட்டால், "அன்னைக்கே பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க" என்று பின்னால் எவனாவது கேட்பானாம். முப்பது வருஷ சர்வீசில் அவர் தேடிக் கண்டெடுத்த ஞானம் அது ஒன்றுதான்.

ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். கையில் ஒரு பாட்டில். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர். குழந்தையைப் பிடிப்பாளா, புத்தகத்தைப் பிடிப்பாளா, பேனாவை இழுப்பாளா? கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, பாட்டிலை என் மேஜைமேல் டக்கென்று வைத்து, "நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே போனில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். பெயர், 'கயிறு கட்டிய பேனா'. எழுதுவது யாரென்று போடவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே.

முதல் பதிவு பேனாவைப் பற்றி. பன்னிரண்டு பேர் படித்தார்கள். அதில் ஏழு பேர் என் வீட்டுக்காரர். திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டாவது பதிவு அந்த பாட்டிலைப் பற்றி. அதை மட்டும் எப்படியோ ஊரே படித்தது. எந்த ஊரோ, எந்த நாடோ, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "எங்க ஆபீஸ்லயும் இதே பேனாதான்" என்று கீழே எழுதினார்கள். இரண்டே வாரத்தில் அந்த பாட்டில் வந்த தெருவில் குழாய் மாற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் பேனாவின் கயிறு ஒரு முழம் நீண்டிருந்தது. பதினான்கு வருஷம் "மேற்படி பொருள்" எழுதியும் ஒரு அங்குலம் நீளாத கயிறு. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அதற்கப்புறம் ஆபீஸ் ஆபீஸாக இல்லை. பாதிப் பேர் பயந்து வேலை செய்தார்கள். மீதிப் பேர் வலைப்பூவில் வர ஆசைப்பட்டு வேலை செய்தார்கள். பம்ப் ஆபரேட்டர் தினம் ஷேவ் செய்துகொண்டு வந்தார். பார்த்தேன் சார்கூட பெரிய பெரிய வசனமாகப் பேச ஆரம்பித்தார், யாராவது குறித்துக்கொள்ள மாட்டார்களா என்று.

தலைக்கனம் ஏறினால் கை சும்மா இருக்காது. வசூல் கவுன்டர் அக்கா மத்தியானத்தில் தூங்குவதைப் பற்றி, குறட்டை உட்பட, ஒரு பதிவு போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வாரம் அக்கா எங்களோடு சாப்பிட வரவில்லை. அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அவள் அங்கேயும் இங்கேயுமாக அல்லாடியதும் எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் படித்தவர்கள் தலையிலிருந்து அதை எடுக்க முடியுமா? இன்றைக்கும் அக்காவை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூசுகிறது. அதிகாரம் இருக்கிறவனைச் சீண்டுவது வேறு, அசந்து தூங்குகிறவளைச் சீண்டுவது வேறு என்று புரிய எனக்கு ஒரு அக்கா அழ வேண்டியிருந்தது.

தலைமை அலுவலகத்துக்குக் கோபம் வந்தது. உடனே ஒரு சுற்றறிக்கை போடச் சொன்னார்கள்: அலுவலகம் பற்றிப் பணியாளர் எழுதும் எதுவும் வெளிவருமுன் மேலாளர் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் வேலை போகும். அந்த வாசகத்தை எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே, அந்த வலைப்பூவில் வந்ததையெல்லாம் அச்செடுத்து ஒரு கோப்புப் போடச் சொன்னார்கள். நாற்பத்தொரு பதிவையும் அச்செடுத்துத் துளை போட்டுக் கோத்து, பார்த்தேன் சார் முன்னால் வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாற்பத்தொரு தரம் 'பார்த்தேன்' போட்டார்.

சந்தேகம் மட்டும் மீட்டர் அண்ணன்மேல் விழுந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். மேலதிகாரி யாரானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சந்தேகம் வந்ததும் மனுஷர் மறுக்கவில்லை. "நீங்கதானாமே" என்று யாராவது கேட்டால், வானத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். டீக்கடையில் அவருக்கு டீ இலவசம். கணக்கெடுக்கப் போன வீடுகளில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, எழுத்து என்றால் என்ன என்று பேசச் சொன்னார்களாம். பேசிவிட்டும் வந்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் ராப்பகலாக யோசித்து எழுதுவேன், இவர் டீ குடிப்பாராம். வீட்டில் சொல்லிப் புலம்பினால், என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு, "பேர் போடாம எழுதினது நீதானே? கேட்பாரில்லாம கிடந்துச்சு, அவர் எடுத்துக்கிட்டார்" என்றார்.

அந்த வயிற்றெரிச்சல் ஒரு புதன்கிழமையோடு போயிற்று. காலையில் பார்த்தேன் சார் கூப்பிட்டு, மீட்டர் அண்ணனை வேலைநீக்கம் செய்கிற உத்தரவை எழுதி வைக்கச் சொன்னார்; வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்ததும் கொடுக்க வேண்டுமாம். மத்தியானம் மீட்டர் அண்ணனே என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. ஓய்வுக்கு இன்னும் நாலே வருஷம்தான் பாக்கி.

"தங்கச்சி, சத்தியமா நான் இல்லம்மா. நாலு பேர் மதிச்சாங்க, அந்த ஆசையில சும்மா இருந்துட்டேன். எனக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்ல எழுத வராது. அதை நல்ல எழுத்துல எழுதிக் குடும்மா."

ஆக, என் மேஜையில் இரண்டு காகிதம். அவர் எழுதினார், அதனால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒன்று. அவருக்கு எழுதவே வராது என்று இன்னொன்று. இரண்டும் என் கையெழுத்தில். வாழ்க்கையில் முதல்முறையாக என் எழுத்தைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு அம்மாள். மேஜைக்கு ஒருபுறம் அவரும் பார்த்தேன் சாரும். எதிரில் மீட்டர் அண்ணன். மூலையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத நான். அண்ணன் என்ன சொல்லியும் அந்த அம்மாள் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் பற்றிப் பேசினீர்களே, அது என்ன என்று ஒரு போடு போட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வைகூட இல்லை. எல்லாம் முடிந்தது என்கிற பார்வை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அது நான்தான் மேடம்."

பார்த்தேன் சார்தான் முதலில் சிரித்தார். இவளுக்கு இளகின மனசு, அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றார். அந்த அம்மாளோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க குறிப்பெல்லாம் பத்து வருஷமா எனக்குத்தான் வருது. ரெண்டு பக்கம் தாண்டறதுக்குள்ள கண்ணைச் சொருகும். நீங்க எழுதினீங்களா?" என்றார். மீட்டர் அண்ணன்கூட, "வேண்டாம் தங்கச்சி, உனக்கு அதெல்லாம் வராது" என்றார். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்ளக்கூட எனக்குத் தகுதி இல்லையா?

எழுதிக் காட்டுகிறேன் என்றேன். குறிப்பு எழுதுகிற பேனாவை நீட்டினார்கள். அதில் எனக்கு "மேற்படி பொருள்"தான் வரும் என்று சொல்லிவிட்டு முன்கூடத்துக்கு நடந்தேன். மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். தண்ணீர் வரி கட்ட நின்றவர்கள் வழிவிட்டார்கள். கயிற்றை இழுத்தேன். இப்போது எட்டியது. புகார்ப் புத்தகத்தில் நின்றுகொண்டே எழுதினேன்:

'இன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு எழுதத் தெரியும் என்று குற்றம் சாட்டினார்கள். தனக்கு எழுதத் தெரியாது என்று எழுதித் தரும்படி அவர் என்னிடம் வந்தார். நான்தான் எழுதினேன் என்றேன். எனக்கும் எழுதத் தெரியாது என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். யாருக்குமே எழுதத் தெரியாத ஆபீஸில் எழுதியது யார்? இந்தப் பேனாதான். தெரிந்துதான் முன்கூட்டியே கட்டிப்போட்டிருக்கிறார்கள்.'

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. படித்து முடித்துப் புத்தகத்தை இந்தப் பக்கம் நீட்ட, பார்த்தேன் சார் பழக்க தோஷத்தில் அதை வாங்கி, கீழே 'பார்த்தேன்' என்று எழுதிச் சுழித்தார்.

எனக்கு உள்ளே பளிச்சென்றது. உள்ளே ஓடி அந்தக் கோப்பை எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு பதிவின் கீழும் சாருடைய சுழி.

"மேடம், சுற்றறிக்கைப்படி சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும். நாற்பத்தொண்ணுலயும் போட்டிருக்காங்க."

"இதெல்லாம் வெளியே வந்தப்புறம் போட்டது" என்று பார்த்தேன் சார் பதறினார்.

"தேதி எங்கே?" என்றார் அந்த அம்மாள்.

"சார் தேதி போடமாட்டாங்க மேடம்" என்றேன், ரொம்பப் பணிவாக.

அந்த அம்மாள் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். மேலாளரைக் கேலி செய்த பதிவில் விரலை வைத்தார். "உங்களை ஜன்னல் பார்க்கிறவர்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழயும் பார்த்தேன்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே பார்த்தீங்களா, இல்லை பார்க்காமலே போட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். பார்க்கவில்லை என்றால் முப்பது வருஷமும் பொய். பார்த்தேன் என்றால் எல்லாமே அனுமதியோடு வந்தது. பாவம், அவர் ஜன்னலைத் தேடினார். முன்கூடத்தில் ஜன்னல் கிடையாது.

"பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்றார்.

விசாரணை அதோடு முடிந்தது. வேலைநீக்க உத்தரவை நானே கிழித்தேன். எழுதவே வராது என்கிற காகிதத்தை மீட்டர் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார், ஞாபகத்துக்காம். டீக்கடையில் அவருக்கு இலவச டீ நின்றுபோயிற்று. அதை மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

இதனால் வந்த ஒரே கெடுதல், பார்த்தேன் சார் இப்போது எல்லாவற்றையும் படிக்கிறார். ஒரு கோப்பு நகர மூன்று நாள் ஆகிறது. ஆபீஸ் முழுக்க என்னைத் திட்டுகிறது. என் மளிகை லிஸ்ட் வேலையெல்லாம் இனிமேல் நடக்காது.

போன வாரம் அவரைப் பற்றியே ஒரு பதிவு எழுதி, விதிப்படி அவர் மேஜையில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வைத்திருந்தார். திரும்பி வந்த தாளில், இரண்டாவது பத்தியில் தான் சொன்னதைச் சரியாகச் சொல்லவில்லை என்று ஓரத்தில் திருத்தியிருந்தார். திருத்தம் நியாயமாகத்தான் இருந்தது. கீழே 'பார்த்தேன்' இல்லை. 'படித்தேன்' என்று இருந்தது. பக்கத்தில், முப்பது வருஷத்தில் முதல்முறையாக, தேதி.

பதினான்கு வருஷம் ஒரு மனுஷரிடம் காகிதம் நீட்டி, அன்றைக்குத்தான் அவர் என்னைப் படித்திருக்கிறார்.

அந்தத் தேதிக்கு முதல் நாளே அது வலைப்பூவில் வந்து, ஊரே படித்துவிட்டிருந்தது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.