தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்

1

இந்தக் கதை எனக்குத் திருட்டுச் சரக்கு. ஒரு முகநூல் சண்டையிலிருந்து எடுத்தேன். ஆண்டு 2013. எங்கள் கடற்கரையில் வணிகத் துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு குழுவில் எல்லோரும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். ஒன்றும் எழுதமாட்டேன், ஒன்றையும் விடாமல் வாசிப்பேன்.

முதல் தொடக்கம்: "அன்று கடல் கொந்தளித்துக்" (வேண்டாம். கடலைத் தொட்டால் இரண்டு பக்கம் அதற்கே போய்விடும்.)

இரண்டாம் தொடக்கம்: ஞானசெல்வி இரணியல்காரி, சிஎஸ்ஐ சபை, பள்ளி ஆசிரியை. என் தங்கையோடு படித்தவள், என்னை அண்ணன் என்பாள். ஜினோ மணவாளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு கடலோர ஊர், கத்தோலிக்கன், படகு எஞ்சின் மெக்கானிக். இருவரும் விரும்பினார்கள். இரண்டு வீடும் முறைத்து, அழுது, கடைசியில் சம்மதித்தன. ஜினோவின் கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள்.

(தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்பார்கள். தடை என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், நெருங்கிய இரத்த உறவு, இந்த மாதிரி.)

இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

2

முதல் ஓலை வாசித்த வாரம் ஞானசெல்வி குழுவில் எழுதினாள்:

"துறைமுகம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். மீன்காரர்கள் வேறெங்காவது போய்ப் பிழைக்கட்டும்.

இதெல்லாம் எங்கள் தெருவில் நான் தினமும் கேட்பது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கடலுக்குப் போகாத நாங்களும் இந்தத் துறைமுகத்தை எதிர்க்க வேண்டும்."

ஜினோவின் ஊரில் பரவியது முதல் பத்தியின் படம் மட்டும். மேலே அவள் பெயரும் முகமும். "நம்ம ஊருக்கு வரும் மருமகள்" என்று யாரோ கீழே சேர்த்திருந்தார்கள். இரண்டாம் ஓலை அன்று பூசை முடிந்ததும் நாலைந்து பேர் பங்குச் சாமியாரிடம் தடை சொல்லப் போனார்கள். முகநூல் பதிவைக் கல்யாணத்துக்குத் தடையாகக் கொண்டுபோக எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"சாமி, கடலுக்கு எதிரா நிக்கிறவ இஞ்ச வந்து எப்பிடி குடியிருப்பா?"

"இது தடையில வராதுடே."

"வராதுண்ணா வர வையுங்க சாமி."

கேள்விப்பட்டதும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

3

கோபம் வந்தால் வில்லன் வேண்டும். ததேயுஸ் கிடைத்தான். ஜினோவின் அண்ணன், தோஹாவில் வெல்டர். ஊருக்குப் படத்தை அனுப்பியவன் அவன்தான். எழுதினேன்:

"ததேயுசுக்கு இந்தக் கல்யாணம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பதிவைப் பாதியில் வெட்டும்போது அவன் உதட்டில் ஒரு" (நிறுத்திவிட்டேன். அந்த உதட்டை நான் பார்த்ததே இல்லை.)

போன் செய்தேன்.

"ஊருல பாதிப் பேருக்க போன்ல தமிழு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாட்டுதான் தெரியும். நான் கம்ப்யூட்டர்ல தெரியுதத படமாட்டு எடுத்து அனுப்புவேன். எல்லா நாளும் செய்யுததுதான். தம்பிக்கப் பொண்ணு எழுதியிருக்காளேண்ணு அதையும் அனுப்பினேன். கீழ 'மேலும்'ணு கிடந்தத நான் அமுக்கல்ல."

"வாசிச்சப்ப கோவம் வரல்லியா?"

"வாசிச்சாத்தானே வரும்!"

வில்லன் போய்விட்டான். முழுப் பதிவையும் அன்றே படமாக்கி ஊருக்கு அனுப்பினான், பாவம். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. "பயந்து மாத்தி எழுதிட்டா" என்றார்கள்.

4

முடிவுக்கு மூன்று யோசனைகள்.

சாமியார் பிரசங்கத்தில் முழுப் பதிவையும் வாசிக்கிறார், ஊர் தலைகுனிகிறது. (பொய். ஊர் அப்படியெல்லாம் குனியாது.)

கல்யாணம் நின்றுவிடுகிறது, ஞானசெல்வி ரயிலேறி (இரணியலில் நிலையம் இருக்கிறது என்பதற்காக அவளை ஏற்றிவிட முடியுமா?)

ஜினோ ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "அவளை எனக்குத் தெரியும், அவ அப்பிடிச் சொல்லமாட்டா" என்கிறான்.

மூன்றாவது எனக்கே பிடித்திருந்தது. ஞானசெல்விக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அண்ணே, கூட்டத்துல அவன் எழும்பவே இல்ல."

"தெரியும் மக்கா. கதைதானே."

"நான் போடுததுக்கு மின்ன முழுசும் வாசிச்சவன் அவன். 'நல்லாயிருக்கு, போடு'ண்ணு சொன்னவன். இப்ப போன் பண்ணிக் கேக்கான், 'ஏட்டி, நீ உள்ளதாட்டு அப்பிடி நினைக்கியா?'ண்ணு."

மூன்றாவது யோசனையின் மேல் கோடு இழுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஊரு என்னத்தையும் சொல்லட்டு அண்ணே. அவங்க வாசிக்கல்ல. இவன் வாசிச்சவன் இல்லியா?"

அழுதாள்.

5

நாளை மூன்றாம் ஓலை. ஊர்க்காரர்கள் என்ன சொன்னாலும் சாமியார் வாசித்துவிடுவார். எல்லாம் இனி அவள் கையில். நான் ஒரு கடைசி வரி எழுதி வைத்திருந்தேன்: "ஞானசெல்வி அவனை மன்னித்தாள்." சரிபார்க்கலாம் என்று கேட்டேன்.

"கல்யாணம் நடக்குமா?"

"நான் இன்னும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல்ல. சொன்னேண்ணு நீங்களும் எழுதண்டாம்."

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டேன்.

வாசகரே, இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுப்பது வழக்கம். நான் கொடுக்கப்போவதில்லை. அவளுக்காக ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். தயவுசெய்து அதில் எதையும் எழுதிவிடாதீர்கள்.

ஞானசெல்வி சொன்னாள்: