ஐந்தாம் எண்

மகள் இடுக்கியால் மின்விசிறி ரெகுலேட்டரின் குமிழ் இல்லாத மொட்டைத் தண்டைத் திருகிப் பார்த்தாள். வழுக்கியது. கூடத்துக் கட்டிலில் அப்பா கிடந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வந்தவர்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, அசையாத இறக்கைகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

முப்பது வருடம் வீடுவீடாக மின்மீட்டர் பார்த்தவர். அடுத்தவர் மீட்டர் ஓடினால் அது வேலை. சொந்த மீட்டர் ஓடினால் வயிற்றெரிச்சல். வெளியே கிளம்பும்போது ரெகுலேட்டர் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். படுக்கும்போதும் அதேதான். "தூங்குறவங்களுக்குக் காத்து எதுக்கு?" என்பார். மற்ற நேரங்களில் இரண்டாம் எண், அதற்கு மேல் இல்லை. "எனக்கு வேர்க்காதுடி" என்று சொல்லிச் சொல்லியே அம்மா காலத்தை ஓட்டிவிட்டாள். அவர் போன பிறகும் அதையே சொல்வாளோ என்று மகளுக்குப் பயமாக இருந்தது.

"ஃபேன் நாப் எங்கம்மா? பழைய சட்டையில காணோமே."

அப்பாவுக்குச் சட்டை மாற்றிவிட்ட பக்கத்து வீட்டு டெய்லர் தொண்டையைக் கனைத்தார்.

"புதுச் சட்டைப் பையில இருக்கும்மா. நான்தான் எடுத்து வச்சேன். அது இல்லாம அவர நான் பார்த்ததே இல்ல. மனசு கேக்கல."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மகளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பையில் கைவிட முடியவில்லை. அவர் இருந்தபோதும் முடிந்ததில்லை.

அம்மா எழுந்தாள். முகமெல்லாம் வியர்வை. குனிந்து, அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டாள்.

"போதும், குடுங்க" என்று அவரிடமே சொன்னாள்.

குமிழை மாட்டித் திருப்பினாள். இரண்டில் கை தானாக நின்றது. அம்மா ஐந்துவரை திருப்பினாள். விசிறி தூசியை உதறிக்கொண்டு சுழன்றது.

"எனக்கு எப்பவுமே வேர்க்கும்டி" என்றாள் அம்மா.

மகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துக்கத்தைவிட நிம்மதிதான் அதில் அதிகம். அதற்காக வெட்கப்படவும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து மாலையில் வீடு காலியானது. அம்மா வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். கூடத்தைவிட்டுப் போகும்போது மகளின் கை பழக்கத்தில் ரெகுலேட்டருக்குப் போனது. குமிழைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் நெற்றியில் நரைமுடி பறந்துகொண்டிருந்தது.