பதினொரு கோடுகள்

அவரை எல்லோரும் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். வேலையிலும் கறார், சனிக்கிழமை மதியம் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் விளையாட்டிலும் கறார். விளையாட்டு என்றால் சீட்டாட்டம் இல்லை. அவர் ஒரு பாழடைந்த கோட்டையைக் கதையாகச் சொல்லிக்கொண்டு போவார். தங்கை மந்திரக்காரியாகவும் அவள் புருஷன் வாள்வீரனாகவும் அதற்குள் நுழைவார்கள். பிழைப்பதும் சாவதும் இருபது முகப் பகடை சொல்கிறபடி.

பழைய விதிப்புத்தகத்தில் தாட்சண்யமே கிடையாது. கோலால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன் என்று வாய் திறந்து சொன்னால்தான் தட்டியதாகக் கணக்கு. சொல்லாமல் காலை வைத்தால் குழி. விழுந்த வீரனின் விவரங்கள் எழுதிய தாளைக் கறார் இரண்டாகக் கிழித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு, மறைப்பானேன்.

தங்கை புருஷன், கறாரோடு வேலை பார்க்கும் மாப்பிள்ளைதான் புது விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தான். அதில் எதையும் விளக்க வேண்டாம். "கவனிக்கிறேன்" என்று பகடையை உருட்டினால் ஆயிற்று. எத்தனை விழ வேண்டும் என்பது கதை நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும். அதை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

"இனிமே ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கிட்டு இருக்க வேணாம் மச்சான். கதை நகரணும்ல?"

கறார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தங்கைதான் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். "மூணு வீரனைக் கிழிச்சுட்டீங்க அண்ணா. ஒவ்வொரு தடவையும் இவரு ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. இந்த வீரனையாவது விட்டுடுங்க."

தங்கை கேட்டு அவர் எதை மறுத்தார்? மாப்பிள்ளை நான்கு போட்டாலும் இரண்டு போட்டாலும், தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, "போதும்" என்றார். ஆனாலும் கறார் கறார்தானே. அந்த வீரன் செத்திருக்க வேண்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சின்ன அட்டையில் கோடு போட்டு வைத்தார். ஐந்து மாதத்தில் பதினொரு கோடுகள்.

ஒரு புதன்கிழமை வேலையிடத்தில், மாப்பிள்ளை லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியிலிருந்து ஏறி வருவதைக் கறார் பார்த்தார். குழிக்குள் இறங்குமுன் வாசலை ஒட்டியிருக்கும், லிஃப்டை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை அழுத்த வேண்டும். அழுத்தியபின் லிஃப்டைக் கூப்பிட்டு, அது வராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பழைய கட்டடங்களில் சுவிட்ச் இருக்கும், வேலை செய்யாது.

"சிவப்பை அழுத்துனியா?"

"அஞ்சு நிமிஷ வேலை மச்சான்."

"லிஃப்ட் வந்திருந்தா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் போட்டா எப்பவும் விழும். நீங்கதான் பாக்குறீங்களே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பாதி நம்பிச் சொன்னான். அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தவர் கறாரேதானே.

சனிக்கிழமை வாள்வீரன் ஒரு கிணற்றின் விளிம்புக்கு வந்தான்.

"எப்படி இறங்குற?" என்று கறார் பழைய வழக்கப்படி கேட்டார்.

"இறங்குறேன், அவ்வளவுதான்." பகடை உருண்டது. மூன்று. மாப்பிள்ளை நிம்மதியாக அவர் முகத்தைப் பார்த்தான்.

கறார் தடுப்பை மடக்கிக் கீழே வைத்தார். "செத்துட்ட மாப்ளே. இன்னைக்கு மட்டுமில்ல." அட்டையை அவன் முன்னால் நகர்த்தினார். "இது எல்லாமே நீ செத்த தடவை. நான் பொய் சொன்னேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். அவன் கத்தியிருந்தால் கறாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தன் தாளைத் தானே கிழித்தான். "அப்ப ஒரு தடவைகூட என் அதிர்ஷ்டம் இல்ல" என்றான். பகடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

புத்தியில் உறைத்துவிட்டது என்று கறார் நினைத்தார். பயந்தவன் பத்திரமாக இருப்பான் என்பது அவர் கணக்கு. ரோஷம் என்று ஒன்று இருப்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பழைய ஆறு மாடி அலுவலகக் கட்டடம். வழக்கமாக வாசலில் காத்திருக்கும் மாப்பிள்ளையைக் காணோம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. ஆனால் கதவு மூடியிருப்பதாக லிஃப்ட் ஏமாறும்படி, கதவுக்குப் போகும் இரண்டு வயர்களையும் யாரோ நேராகப் பிணைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. பக்கத்தில் அவன் கருவிப்பை, அதன் மேல் பகடை. இருபது.

கறார் எட்டிப் பார்த்தார். குழியின் அடியில், டார்ச் வெளிச்சத்தில், மாப்பிள்ளை நின்றிருந்தான். சிவப்பு சுவிட்ச் அழுத்தப்படாமல் இருந்தது.

"போட்டேன் மச்சான்! இருபது! இந்தத் தடவை நிஜமாவே!" அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ஏறுடா மேல!"

அப்போது எங்கோ மேலே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். மோட்டார் உறுமியது. கயிறுகள் அசைந்தன. கறார் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டு, சிவப்பு சுவிட்சை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினார். மேலேயிருந்து இருட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கறாரின் முகத்தையே பார்த்தான், மேசையில் பார்ப்பது போலவே, அவர் "போதும்" என்று சொல்வதற்காக.