வெள்ளிக்கிழமை ரொட்டி

வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கொரு வாரம் குழுவுக்கு ரொட்டி வாங்கி வருவது அந்த ஆர்ஹுஸ் நகர அலுவலகத்துப் பழக்கம். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, யார் முறையானாலும் குழுத்தலைவி மெரெட்டெதான் வாங்குகிறாள். "இன்றைக்காவது வந்துவிடுங்கள்" என்று கெஞ்சாத குறையாக எழுதியும் ஈ காக்காகூட வரவில்லை. மேசையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் ப்ரேபென் மட்டும் காலி அட்டைப்பெட்டியோடு வந்தான். ரொட்டியைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா மெரெட்டெ? யாருக்கும் ஞாபகமே இருக்காதுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று அவனுக்குக் கடைசி நாள். அவன் ராஜினாமாவுக்குக் கணினித் திரையில் ஒப்புதல் கொடுத்தவளே அவள்தான்.

"பின்னே? உன்னைச் சும்மா அனுப்பிருவேனா?"

"மத்தவங்க?"

"இதுல இருக்காங்க" என்று மடிக்கணினியைத் திறந்து குழுவை அழைத்தாள். வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். ஒரு முகமும் தெரியவில்லை.

"ப்ரேபென் இன்னைக்குக் கெளம்புறான். ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா."

 ஒரு கட்டத்திலிருந்து குரல் வந்தது.

"ப்ரேபெனா? அவன் போன மாசமே போயிட்டானே!"

ப்ரேபென் கடித்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், மெரெட்டெ அடுத்த ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தொடங்கினாள்.